அப்பா அம்மாவுக்கு கப்பல் டூர் புக் பண்றீங்களா? நடுக்கடல்ல நெஞ்சு வலிச்சா என்ன ஆகும்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க!

திருப்பதி, கொடைக்கானல்னு போயிட்டிருந்த குடும்ப டூர் லிஸ்ட்ல இப்போ கப்பலும் சேர்ந்தாச்சு. காஞ்சிபுரத்துல இருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 75 கிலோமீட்டர்தான். 2023 ஜூன்ல 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குக் கிளம்பி அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைனு போய் வந்தது. சிங்கப்பூர் பேக்கேஜ் எடுக்கும் பலரும் கூடவே கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்' என்பார்கள். வருஷக்கணக்கில் தறியில் காலாட்டிப் பிழைத்த அப்பாவை, டெக்கில் காலை நீட்டி உட்காரவைக்க ஆசைப்படுவது நல்ல விஷயம்தான். ஆனால், டிக்கெட் போடும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நடுராத்திரி, நடுக்கடல், அப்பாவுக்கு நெஞ்சுவலி. என்ன செய்வீர்கள்? 108 அங்கே வராது.

கப்பல்ல டாக்டர் இருப்பாரா?

இருப்பார். 100 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு மூன்று நாள்களுக்கு மேல் சர்வதேசப் பயணம் போகும் கப்பல்களில் டாக்டர் இருக்க வேண்டும் என்கிறது, 2006-ம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. பெரிய சொகுசுக் கப்பல்களின் கிளினிக்கில் இ.சி.ஜி., எக்ஸ்ரே, ஆக்ஸிஜன், அடிப்படை ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கும். ஆனால், ஆஞ்சியோ செய்யும் வசதியோ, பெரிய ஆபரேஷன் தியேட்டரோ இருக்காது. உயிரைப் பிடித்துவைத்து, கரைக்கு அனுப்புவதுதான் அவர்கள் வேலை.

ஒன்றை மறக்காதீர்கள். அந்த கிளினிக் இலவசம் கிடையாது. டிக்கெட்டில் சாப்பாடு, தங்குமிடம் அடங்கும். ஊசிக்கும் டிரிப்ஸுக்கும் தனி பில். அது உங்கள் ரூம் கணக்கில் ஏறும், கப்பலை விட்டு இறங்கும் முன் கட்டியாக வேண்டும்.

எப்படி இறக்குவாங்க?

டாக்டர் சொல்வார், முடிவு கேப்டனுடையது. அவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கும். அருகிலுள்ள துறைமுகத்துக்குக் கப்பலைத் திருப்பலாம். படகை வரவழைத்து நோயாளியை மாற்றலாம். ஹெலிகாப்டர் கேட்கலாம். கூப்பிட்ட உடனே ஹெலிகாப்டர் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அதன் எரிபொருளுக்கு ஓர் எல்லை உண்டு. தூரம் அதிகம் என்றால், கப்பல் முதலில் கரைப்பக்கம் நெருங்கி வர வேண்டும்.

2023 ஆகஸ்ட்ல நடந்த ஒரு சம்பவத்தைப் பாருங்கள். சீனாவிலிருந்து அமீரகம் போய்க்கொண்டிருந்த 'டோங் ஃபாங் கான் டான் நம்பர் 2' என்ற ஆராய்ச்சிக் கப்பலில் ஒருவருக்குக் கடும் நெஞ்சுவலி. அப்போது கப்பல் அரபிக்கடலில், கரையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மும்பையில் உள்ள கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குத் தகவல் போனது. இந்தியக் கடலோரக் காவல் படையின் ஹெலிகாப்டர் இருட்டிலும் மோசமான வானிலையிலும் பறந்து போய் அவரைத் தூக்கி வந்தது. இதே போன்ற மையம் சென்னையிலும் இருக்கிறது. கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554.

அப்போ செலவு எங்கே வருது?

கடலில் உயிரைக் காப்பாற்றுவது மனிதாபிமானக் கடமை. அமெரிக்கக் கடலோரக் காவல் படை இப்படி மீட்பதற்கு பில் போடுவதில்லை. செலவு ஆரம்பிப்பதே கரைக்கு வந்த பிறகுதான்.

அப்பாவை பினாங்கிலோ ஃபுகெட்டிலோ இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரியில் அட்மிஷனுக்கே முன்பணம் கேட்கலாம். கூட இறங்கிய அம்மாவுக்கு ரூம், சாப்பாடு, புது ஃப்ளைட் டிக்கெட் தேவை. சாதாரண விமானத்தில் உட்கார்ந்து வர முடியாத நிலை என்றால், டாக்டரோடு வரும் ஏர் ஆம்புலன்ஸ் வேண்டும். அதன் கட்டணம் பல லட்சங்களில் போகும். இவர்கள் இறங்கியதும் கப்பல் காத்திருக்காது. அது தன் வழியில் போய்க்கொண்டிருக்கும்.

'எங்ககிட்டதான் இன்ஷூரன்ஸ் இருக்கே!'

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். நாம் வழக்கமாக எடுக்கும் ஹெல்த் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் எடுக்கும் சிகிச்சைக்குத்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், அதன் பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் கைகொடுக்கும். கப்பல் கிளினிக் பில்லையோ, ஏர் ஆம்புலன்ஸையோ அது ஏற்காது. அதனால் டிராவல் இன்ஷூரன்ஸ் தனியாக வேண்டும். அதையும் விலை பார்த்து மட்டும் எடுக்காதீர்கள். காந்தி ரோடு கடைகளில் சில்க் மார்க் இருக்கா, ஜரிகை அசலான்னு கேட்காம நாம சேலை எடுப்போமா? அதே கண்ணோடு பாலிசியையும் பாருங்கள்.

* கப்பல் பயணம்: பாலிசியில் கப்பல் பயணம் அடங்குமா? சிலவற்றில் அதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கும்.
* மீட்பு, ஊர் திரும்புதல்: அவசர மருத்துவ இடமாற்றமும், சொந்த நாட்டுக்குக் கொண்டுவரும் செலவும் இருக்கிறதா? எந்தத் தொகை வரை? ஷெங்கன் விசாவுக்கு ஐரோப்பிய நாடுகள் கேட்கும் குறைந்தபட்ச மருத்துவ கவர் 30,000 யூரோ. ஒப்பிட்டுப் பார்க்க இது ஓர் அளவுகோல்.
* பழைய நோய்கள்: சுகர், பிபி, ஸ்டென்ட்... எதையும் மறைக்காதீர்கள். 'பிரீமியம் ஏறிடும், சொல்ல வேணாம்'னு யாராவது சொன்னா கேட்காதீங்க. க்ளெய்மை நிராகரிக்க அந்த ஒரு பொய் போதும். ஏற்கெனவே உள்ள நோயால் வரும் அவசரநிலைக்கு கவர் உண்டா என்றும் கேளுங்கள்.
* முன் அனுமதி: பல பாலிசிகளில், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் 24 மணி நேர உதவி மையம் சம்மதித்தால்தான் ஏர் ஆம்புலன்ஸ் செலவு கிடைக்கும். நீங்களாக ஏற்பாடு செய்துவிட்டு பில்லை நீட்டினால் சிக்கல்.
* உள்நாட்டுக் கப்பலா? சென்னை - விசாகப்பட்டினம் போன்ற பயணத்துக்கு வெளிநாட்டு பாலிசி பொருந்தாது. உள்நாட்டுப் பயண பாலிசி தேடுங்கள்.

கிளம்பும் முன் 10 நிமிஷம்

மாத்திரைகளைப் பயண நாள்களைவிட ஒரு வாரம் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவற்றைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைக்க வேண்டும். மருந்துச் சீட்டு, கடைசி இ.சி.ஜி., பாலிசி எண், உதவி மைய எண் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். காகிதத்திலும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். நடுக்கடலில் சிக்னல் இருக்காது. அவசரமாக இறங்க நேர்ந்தால் பாஸ்போர்ட்டையும், கிளினிக்கின் மருத்துவ அறிக்கையையும், பில்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்று அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவை இல்லாமல் க்ளெய்ம் நகராது.

நியாயமான க்ளெய்மை கம்பெனி மறுத்தால், முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு டூரை கேன்சல் பண்ணிடாதீங்க. கப்பலில் போகும் பெரும்பாலானவர்கள் போட்டோவும் ஞாபகங்களுமாகத்தான் திரும்புகிறார்கள். புக்கிங்கை முடிக்கும் முன், 'கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு, ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு... இதுக்கான செலவு யாருது?' என்று இன்ஷூரன்ஸ்காரரிடம் கேளுங்கள். பதிலை மெயிலில் எழுதி வாங்குங்கள். அப்புறம் தைரியமா பெட்டியைக் கட்டச் சொல்லுங்க!