ஏலத்தோட்டத்திலும் மனித உடலிலும் ஒரு நொதி

இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலைப் பகுதி ஏலக்காய்க்குப் பெயர்பெற்றது. கம்பம், போடி முதலிய ஊர்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பலர் நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி வந்து, இத்தோட்டங்களில் காய் பறிக்கின்றனர். மழைக்காலத்தில் ஏலச்செடிக்குப் பெரும்பகையாக வருவது கிழங்கழுகல் நோய். அதனை உண்டாக்கும் உயிரிகளுள் ரைசோக்டோனியா என்னும் பூஞ்சையும் ஒன்று. நோயைத் தடுக்க விரும்பும் உழவர், டிரைக்கோடெர்மா என்னும் வேறொரு பூஞ்சையை மக்கிய சாண எருவில் கலந்து, மழைக்கு முன்பே செடியின் தூரில் இடுகின்றனர். அது பகைப்பூஞ்சையின்மேல் சுற்றிப் படர்கிறது. அதன் செல்சுவரைக் கரைக்கிறது. உள்ளிருப்பதை உண்டு வளர்கிறது. சுவரைக் கரைப்பதற்கு அது பயன்படுத்தும் கருவிகளுள் ஒன்று, கைட்டினேஸ் என்னும் நொதி. இதே வினையைச் செய்யும் நொதிகள், அத்தோட்டத்தில் உழைக்கும் மனிதரின் உடலிலும் சுரக்கின்றன.

கைட்டின் என்பது யாது?

பூஞ்சையின் செல்சுவரை உறுதியாக்கும் பொருள் கைட்டின். பிரெஞ்சு அறிஞர் ஹென்றி பிரக்கோனோ 1811ஆம் ஆண்டில் இதனைக் காளானிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தார். சர்க்கரையைச் சார்ந்த சிறு மூலக்கூறுகள் மணிமாலைபோல் கோக்கப்பட்டு இப்பொருள் உருவாகிறது. பாலக்காட்டு வயல்வரப்பில் வளைதோண்டும் நண்டின் ஓடு, இறாலின் தோல், வண்டின் சிறகுறை, கண்ணுக்குப் புலப்படாத தூசிப்பூச்சியின் மேலோடு ஆகிய அனைத்திலும் கைட்டின் உண்டு. இம்மாலையை இடையிடையே வெட்டித் துண்டாக்கும் கத்தரிக்கோலே கைட்டினேஸ்.

மனிதருக்கு எதற்கு இக்கருவி?

மனித உடல் கைட்டினை உண்டாக்குவதில்லை. அவ்வாறாயின் அதனை வெட்டும் நொதி எதற்கு? கைட்டின் வெளியிலிருந்து நாள்தோறும் உடலுக்குள் வருவதே காரணமாகும். காளான் குழம்பிலும் இறால் வறுவலிலும் அது உணவாகச் செல்கிறது. பூஞ்சை வித்துகளோடும் வீட்டுத் தூசியோடும் அது மூச்சுக்காற்றில் கலந்து நுரையீரலை அடைகிறது.

மனிதரிடம் இத்தகைய நொதிகள் இரண்டு உள்ளன. ஒன்று, நோய்க்கிருமிகளை விழுங்கும் வெள்ளணுக்கள் சுரக்கும் கைட்டோட்ரையோசிடேஸ். மற்றொன்று, இரைப்பையிலும் நுரையீரலிலும் காணப்படும் அமிலக் கைட்டினேஸ். இரைப்பையின் கடும்புளிப்பிலும் வேலை செய்ய வல்லதாதலின் இப்பெயர் பெற்றது.

குறைந்தாலும் மிகுந்தாலும்

அமிலக் கைட்டினேஸ் இல்லாத எலிகளை அமெரிக்க ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2017இல் தம் முடிவை வெளியிட்டனர். அவ்வெலிகளின் மூச்சுக்குழல்களில் கைட்டின் தேங்கியது. வயது ஏற ஏற நுரையீரல் தழும்பேறி இறுகியது. நொதியை மீண்டும் அளித்தபோது அத்தீங்கு குறைந்தது. இதற்கு மாறாக, ஆஸ்துமா நோயாளரின் நுரையீரலில் இந்நொதி மிகுந்திருப்பதை 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே, ஆஸ்துமாவில் இந்நொதியின் பங்கு நன்மையா தீமையா என்னும் வினா இன்னும் முற்றுப்பெறவில்லை.

கைட்டோட்ரையோசிடேஸ் மருத்துவருக்கு ஓர் அடையாளமாகவும் உதவுகிறது. காஷே நோய் என்னும் அரிய பரம்பரை நோயில், வெள்ளணுக்களில் ஒருவகைக் கொழுப்பு தேங்குகிறது. அந்நோயாளரின் குருதியில் இந்நொதி இயல்பினும் பலநூறு மடங்கு மிகுந்திருப்பதை நெதர்லாந்து நாட்டு அறிஞர்கள் 1994இல் கண்டறிந்தனர். சிகிச்சை பயன்தருங்கால் அதன் அளவு இறங்குகிறது.

சிலரிடம் மரபணு மாற்றத்தால் இந்நொதி சுரப்பதே இல்லை. அவர்களும் பெரும்பாலும் நலமாகவே வாழ்கின்றனர். இம்மாற்றத்திற்கும் யானைக்கால் நோய்ப்புழுவின் தொற்றுக்கும் தொடர்பு இருப்பதாகத் தென்னிந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு 2001இல் தெரிவித்தது. அப்புழுவின் முட்டையோட்டிலும் கைட்டின் உண்டு. பின்னர்ப் பப்புவா நியூகினியில் நடந்த ஆய்வில் அத்தொடர்பு புலப்படவில்லை. ஓரிடத்தில் கண்ட முடிவை வேறிடத்திலும் சோதித்த பின்னரே உறுதிசெய்வது அறிவியலின் நெறி.

வீட்டில் செய்யத்தக்கது

மூச்சுக்குழலைத் தூய்மையாக்கும் நொதிக்கும் ஓர் எல்லை உண்டு. மலைப்பகுதிகளில் மாதக்கணக்கில் மழை பெய்யும்போது லயத்து வீடுகளின் சுவரில் பூஞ்சை படர்கிறது. ஈரமேறிய பாய் தலையணைகளில் தூசிப்பூச்சி பெருகுகிறது. அவற்றின் துகள்களைத் தொடர்ந்து சுவாசிப்பது ஆஸ்துமா உள்ளோர்க்குத் துன்பத்தை மிகுவிக்கும். வெயில் தோன்றும் நாளில் படுக்கையை உலர்த்துதல், சாளரத்தைத் திறந்துவைத்தல், சுவரில் படர்ந்த பூஞ்சையை மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தல் ஆகியவை எளிய காப்புகள். இரண்டு வாரத்திற்குமேல் இருமல் நீடித்தாலும், மூச்சுவிடும்போது நெஞ்சில் விசில் போன்ற ஒலி கேட்டாலும், ஆரம்பச் சுகாதார நிலையத்தை நாடுதல் வேண்டும். உடல் தானே செய்யும் காவலுக்கு வீட்டாரும் துணைநின்றால் நுரையீரல் நலம்பெறும்.

சிந்தித்து எழுதுக

1. டிரைக்கோடெர்மா ஏலச்செடியைக் காக்கும் முறையை விளக்குக.
2. மனித உடல் கைட்டினை உண்டாக்காதபோதும் அதனை வெட்டும் நொதிகளைச் சுரப்பது ஏன்?
3. மழைக்காலத்தில் உமது வீட்டில் ஈரம் தங்கும் இடங்களைப் பட்டியலிட்டு, அவற்றை உலர்த்தும் வழிகளைப் பெற்றோருடன் கலந்துபேசி எழுதுக.