பழவேற்காட்டுச் சுண்ணாம்பு

பழவேற்காடு ஏரியைச் சுற்றி எங்கும் மணல். கருங்கல் வேண்டுமென்றால் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். இந்த மணலில்தான் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுதான். கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டமோ தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது.

அங்கே போகிறவர்கள் வாசலிலுள்ள எலும்புக்கூட்டுச் சிற்பங்களையும் கல்லில் வெட்டிய எழுத்துகளையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். கட்டுமானத்தின் காரைப்பூச்சையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

இந்தக் கரையில் கட்டியவர்களின் கைக்கெட்டிய சுண்ணாம்பு, கிளிஞ்சல். மட்டியும் ஆளியும் தண்ணீரிலுள்ள கால்சியத்தை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. அந்த ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் கரியமில வாயு வெளியேறிவிடும். 100 கிலோ சுத்தமான ஓட்டில் மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. தண்ணீர் தெளித்தால் அது சீறிச் சூடேறி, பொரிந்து, மாவாக நீறும். அதை மணலோடு கலந்து, வட்டப் பள்ளத்தில் மாடு இழுக்கும் கல் சக்கரத்தால் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பழைய வழக்கம். பளபளக்கும் மேற்பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு கூடச் சேரும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. சூளையில் இழந்த கரியமில வாயுவைச் சுவரிலிருக்கும் சுண்ணாம்பு காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. சுவர் தடிமனாக இருந்தால் உள்ளே வரை இறுக ஆண்டுக்கணக்காகும். கடைசியில் அது மறுபடியும் கால்சியம் கார்பனேட். சிப்பி கட்டிய அதே பொருள்!

இந்தக் காரைக்கு நுண்துளைகள் உண்டு. ஏரிக்கரைச் சுவரில் ஏறும் உப்பு ஈரம் அவற்றின் வழியே வெளியேறி உலர்ந்துவிடும். பழைய சுவரின் விரிசலை சிமெண்டால் அடைத்தால் அந்த வழி அடைபடும். ஈரம் பக்கத்துச் செங்கல்லுக்குள் தங்கும், உப்பு படிகமாகி அதை உதிர்க்கும். கிளிஞ்சல் சுண்ணாம்புக் கட்டடத்தைச் சுண்ணாம்பால்தான் பழுதுபார்க்க வேண்டும். அதை அரைக்கவும் பூசவும் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இளைய கொத்தனார்களுக்கு அவர்களிடம் பயிற்சி கொடுத்தாக வேண்டும்.