இரண்டு கதவுகள் திறந்தால்…

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. கணித மாணவர் ஒருவர் எழுதியது)

கதவு திறக்கவில்லையே என்று கலங்குவோர் பலர். இரண்டு கதவுகள் ஒருசேரத் திறந்துவிட்டால் எதில் நுழைவது என்று திகைப்போர் சிலர். முதல் வகைத் துன்பத்தை நம்மில் பலரும் அறிவோம். இரண்டாவது வகைத் துன்பம் சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அதனால் நான் கற்றுக்கொண்டதை என் போன்ற மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் தந்தையார் சீமைக்கருவேலங் கரிமூட்டம் போடும் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். என் தங்கைக்குச் சென்ற ஆண்டு மருத்துவக் கலந்தாய்வின் முதற்சுற்றில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஊரே மகிழ்ந்தது. அடுத்த வாரமே ஒரு கேள்வி எழுந்தது. இரண்டாம் சுற்றில் விருப்பம் தெரிவித்தால் மதுரை மருத்துவக் கல்லூரி கிடைக்கக்கூடும், தெரிவிக்கலாமா, வேண்டாமா? மதுரை கிடைத்துவிட்டால் இராமநாதபுரத்து இடம் அடுத்தவருக்குப் போய்விடும். திரும்பி வர வழியில்லை. “நீதானே படிச்சவன், நீ சொல்லு தம்பி” என்றார் அப்பா. கணிதம் படிக்கும் எனக்கு மருத்துவக் கல்லூரியைப் பற்றி என்ன தெரியும்? ஆகவே விசாரிக்கத் தொடங்கினேன்.

முதலில், சேர்க்கை முறையைச் சற்று விளக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1984 முதல் 2006 வரை மாநில நுழைவுத் தேர்வு இருந்தது. 2007 முதல் 2016 வரை மேல்நிலை இரண்டாம் ஆண்டு மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது. 2017 முதல் நீட் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே தரவரிசை அமைகிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020-ல் சட்டமாயிற்று. அந்த ஒதுக்கீடு இல்லாவிடில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வியே எழுந்திராது.

கலந்தாய்வில் மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளை வரிசையாகக் குறிக்கிறார். தரவரிசையில் முன்னிற்பவரின் பட்டியலை முதலில் பார்த்து, அதில் காலியாக உள்ள முதல் கல்லூரியை அவருக்கு ஒதுக்குகிறார்கள், பிறகு அடுத்தவர். “எட்டாத கல்லூரியை முதலில் எழுதினால் எட்டக்கூடியதும் போய்விடும்” என்று எங்கள் ஊரில் ஒருவர் அச்சுறுத்தினார். இது தவறு. எட்டாத கல்லூரி கிடைக்காவிடில் பட்டியலில் அடுத்த பெயருக்குத்தான் கணக்குப் போகிறதே தவிர, மாணவரின் தரவரிசை ஓர் இடம்கூடக் கீழே இறங்குவதில்லை. ஆகவே உள்ளபடி எது விருப்பமோ அதையே முதலில் எழுதலாம். தந்திரத்திற்கு இங்கே வேலையில்லை. உண்மையான விருப்பம் எது என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இனி இரண்டு கல்லூரிகளையும் ஒப்பிடுவோம். மதுரை மருத்துவக் கல்லூரி 1954-ல் தோன்றியது. ஆண்டுக்கு 250 மாணவர் சேர்கின்றனர். இராமநாதபுரம் கல்லூரி 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறந்துவைக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்று. அங்கே 100 இடங்கள். மதுரை எய்ம்ஸின் முதல் அணி மாணவர்களும் 2022-ல் அந்த வளாகத்தில்தான் படிப்பைத் தொடங்கினர்.

இரண்டுக்கும் பொதுவானவை எவை? இரண்டும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பாடத்திட்டம் ஒன்று, பல்கலைக்கழகத் தேர்வு ஒன்று, பட்டமும் ஒன்று. நாலரை ஆண்டுப் படிப்பு, பிறகு ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணி என்பதிலும் மாற்றமில்லை. பின்னாளில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதும்போது, “நீ எந்தக் கல்லூரி?” என்று வினாத்தாள் கேட்பதில்லை. பழைய கல்லூரியில் படித்தவர்தான் மருத்துவர், புதிய கல்லூரியில் படித்தவர் அரை மருத்துவர் என்னும் பேச்சு வெறும் பேச்சே.

வேறுபாடு மருத்துவமனையில் இருக்கிறது. மருத்துவ மாணவனுக்கு நோயாளியே நூல் அன்றோ! தென் மாவட்டங்களில் நோய் முற்றியவர்களை மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத்தான் அனுப்புகிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயரே ‘பெரியாஸ்பத்திரி’. புத்தகத்தில் ஒரு பத்தியாக மட்டும் படிக்கும் அரிய நோயை அங்கே கட்டிலில் காணலாம். ஆனால் அந்தக் கட்டிலைச் சுற்றி நிற்கும் தலைகளும் அதிகம். முதுநிலை மாணவர்கள் நிறைந்த இடத்தில் இளையவர்களின் கைக்கு வேலை வருவது குறைவு. சிறிய கல்லூரியில் ஆசிரியர் மாணவரின் பெயரை அறிவார். பயிற்சிக் காலத்தில் தையல் போடவும் பிரசவம் பார்க்கவும் வாய்ப்பு முன்னதாகவே வரும். அங்கே வருவன பெரும்பாலும் காய்ச்சல், பாம்புக்கடி, விபத்து, பிரசவம் போன்றவை. நாட்டு மருத்துவர் நாள்தோறும் காணப்போகிறவையும் இவைதாமே என்றார் நான் கேட்ட ஒரு மருத்துவர். ஆக, ஒன்றில் காண்பது மிகுதி. மற்றொன்றில் செய்வது மிகுதி.

இவற்றையெல்லாம் கேட்டறிந்த பின், கணித மாணவன் என்ற கர்வத்தோடு ஓர் அட்டவணை போட்டேன். ஐந்து தலைப்புகள்; ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். நோய்களின் பல்வகைக்கு மதுரை 10, இராமநாதபுரம் 6. ஆசிரியர் கவனத்துக்கு 5, 8. வீட்டின் அருகாமைக்கு 4, 9. செலவுச் சிக்கனத்துக்கு 6, 9. நூலகம், சிறப்புத் துறைகளுக்கு 9, 6. கூட்டினால் மதுரைக்கு 34, இராமநாதபுரத்துக்கு 38. விடை வந்துவிட்டது என்று நிமிர்ந்தேன். அம்மாவின் முகம் மலர்ந்தது. மகள் வாரந்தோறும் வீட்டுக்கு வருவாள் அல்லவா!

தங்கை தாளை வாங்கிப் பார்த்தாள். “அண்ணே, அஞ்சுக்கும் ஒரே எடைதான்னு யாரு சொன்னா?” என்று கேட்டாள். எனக்கு விடை இல்லை. நோய்களின் பல்வகையை இரு மடங்காக்கினால் 44-க்கு 44; சமம். மும்மடங்காக்கினால் 54-க்கு 50, மதுரை முந்துகிறது. கூட்டல் என்னுடையதுதான். ஆனால் எதற்கு எவ்வளவு எடை என்பதில்தானே முடிவு இருக்கிறது? அந்த எடையை நான் எப்படி இடுவது? ஐந்தரை ஆண்டுகள் அங்கே வாழப் போகிறவள் நானில்லையே!

அவள் தன் எடையைச் சொன்னாள். “நம்ம அப்பத்தாவ இங்க பார்த்துட்டு, மதுரைக்குக் கொண்டு போங்கன்னுதான் சொன்னாங்க. போற வழியில எல்லாம் முடிஞ்சுபோச்சு. மதுரைக்குப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பாங்கன்னு நான் பார்க்கணும். பார்த்துக் கத்துக்கிட்டு இங்கதான் வரணும்.” அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, “விடுதிக்கு என்னென்ன வாங்கணும்?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டாம் சுற்றில் மதுரை கிடைத்தது. வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே நூறு கிலோமீட்டருக்கு மேல். முதல் மாதத்தில் தங்கை தொலைபேசியில் அழுதாள், அம்மாவும் அழுதார். செலவும் நான் போட்ட கணக்கை மீறியது. மதுரையைத் தேர்ந்ததால் எல்லாம் இனிமையாயிற்று என்று சொன்னால் அது பொய்யாகும். அவள் விட்டுச்சென்ற இராமநாதபுரத்து இடத்தில் எங்கோ ஒரு வீட்டுப் பிள்ளை சேர்ந்திருக்கும். அந்தக் கல்லூரி அப்பிள்ளைக்கு எவ்வகையிலும் குறைவானதன்று. வீட்டில் நோயாளி இருந்து, அருகாமைக்கு மும்மடங்கு எடை இட வேண்டியிருந்தால், நாங்களும் அதையே தேர்ந்திருப்போம்.

நண்பர்களே! உங்கள் தம்பி தங்கையர்க்கும் இத்தகைய நாள் வரும். பெயரையும் பழைமையையும் மட்டும் பார்க்காதீர்கள். மருத்துவமனைக்கு நேரில் சென்று பாருங்கள். அங்கே படிக்கும் மூத்த மாணவரிடம், “கையால் என்ன செய்ய விடுகிறார்கள்?” என்று கேளுங்கள். விடுதி, வழிச்செலவு, வீட்டு நிலை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியபின் அந்தத் தாளைப் படிக்கப் போகிறவரின் கையில் கொடுத்துவிடுங்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நாம் நம் வீட்டாருக்குச் செய்யக்கூடிய உதவி, விவரங்களைத் தேடித் தருவது. எடையிடும் உரிமை அவர்களுடையது.