ஒரே எக்செல், ஐந்து விலை

2007 ஜனவரி இறுதியில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2007 அமெரிக்கக் கடைகளுக்கு வந்தபோது, அலமாரியில் ஐந்து விதமான பெட்டிகள் இருந்தன. ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 149 டாலர், ஸ்டாண்டர்ட் 399, ஸ்மால் பிசினஸ் 449, புரொஃபஷனல் 499, அல்டிமேட் 679. வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் மூன்றும் ஐந்திலும் உண்டு. மாதச் செலவுக் கணக்கு எழுதுகிறவரோ மார்க் பட்டியல் தயாரிக்கும் ஆசிரியரோ, 149 டாலர் எக்செலையும் 679 டாலர் எக்செலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிக்கத் திணறியிருப்பார். முதல் இரண்டு பெட்டிகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் நான்கு மென்பொருள்கள். நான்காவதாக மலிவான பெட்டியில் குறிப்பெடுக்க உதவும் ஒன்நோட், மற்றதில் மின்னஞ்சலுக்கான அவுட்லுக். விலை வித்தியாசம் 250 டாலர். ஆனால் அவுட்லுக்கைத் தனியாக வாங்கினால் சுமார் 110 டாலர்தான். அதோடு மலிவான பெட்டியை ஒரே வீட்டில் மூன்று கணினிகளில் போட்டுக்கொள்ளலாம். ஸ்டாண்டர்ட் வாங்கியவருக்கு ஒரு மேசைக் கணினியும் ஒரு லேப்டாப்பும்தான். அதாவது அதிகம் கொடுத்தவருக்குக் கிடைத்தது குறைவு. அப்படியானால் அந்த 250 டாலர் எதற்கு? விடை திரையின் உச்சியிலேயே இருந்தது. ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் பதிப்பைத் திறந்தால், தலைப்புப் பட்டையில் கோப்பின் பெயருக்குப் பக்கத்திலேயே ‘வணிகம் சாராத பயன்பாடு’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். கூடுதல் பணம் மென்பொருளுக்கு அல்ல. அதை வைத்துச் சம்பாதிக்கும் உரிமைக்கு.

ஆபீஸ் பதிப்புகளை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரு கட்டம் போட்டு, எதில் எந்த மென்பொருள் இருக்கிறது என்று டிக் அடித்துக் காட்டும். தொண்ணூறுகளில் அந்தக் கட்டம் போதுமானதாக இருந்தது. இன்று அதை மட்டும் பார்த்து வாங்குகிறவர் ஏமாறத்தான் வாய்ப்பு அதிகம். காரணம், மலிவான பதிப்பையும் விலையுயர்ந்த பதிப்பையும் பிரிக்கும் கோடு இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. முதலில் அது மென்பொருள்களுக்கு நடுவில் ஓடியது. பிறகு, வாங்குகிறவர் யார் என்பதில் ஓடியது. இப்போது எத்தனை நாளைக்கு என்பதில் ஓடுகிறது. நகர்ந்த ஒவ்வொரு முறையும் வாங்குகிறவர் கண்ணுக்கு அது இன்னும் கொஞ்சம் மங்கலாகியிருக்கிறது.

ஒரே சரக்கைத் தரம் பிரித்து விற்பது மென்பொருள்காரர்கள் கண்டுபிடித்த வித்தை அல்ல. பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல்ஸ் டுப்வி 1849-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிக்குக் கூரை போடாமல் விடுவது கூரைச் செலவை மிச்சப்படுத்த அல்ல; இரண்டாம் வகுப்புக்குக் காசு வைத்திருப்பவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்பது அவர் வாதம். 1996-ல் டெனெக்கரே, மெக்காஃபி என்ற இரு பொருளியலாளர்கள் இதற்கு இன்னும் கூரான ஓர் உதாரணம் காட்டினார்கள். ஐபிஎம் நிறுவனம் நிமிடத்துக்கு 10 பக்கம் அச்சடிக்கும் லேசர் பிரின்டரோடு, 5 பக்கம் அச்சடிக்கும் மலிவான ஒன்றையும் விற்றது. மலிவானதில் கூடுதலாக ஒரு சில்லு இருந்தது. அதன் வேலையே அச்சடிப்பைத் தாமதப்படுத்துவதுதான். மென்பொருளில் இது இன்னும் சுலபம், ஏனென்றால் இன்னொரு பிரதி எடுக்க ஏறக்குறைய செலவே கிடையாது. புதுக் கணினிகளோடு இலவசமாக வந்த ஆபீஸ் ஸ்டார்ட்டர் 2010-ஐ நினைத்துக்கொள்ளலாம்: ஓரத்தில் விளம்பரம் ஓடும், எக்செலில் பிவட் டேபிள் வராது, வேர்டில் உள்ளடக்கப் பட்டியலோ அடிக்குறிப்போ போட முடியாது. கூரை கழற்றப்பட்ட பெட்டியேதான்.

முதல் கோட்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆபீஸ் 1989-ல் மெக்கின்டாஷுக்கும் 1990-ல் விண்டோஸுக்கும் வந்தது. வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் சேர்ந்த ஒரு கட்டு. தரவுத்தளம் வேண்டியவர் ஆக்சஸ் சேர்ந்த புரொஃபஷனல் பதிப்பை வாங்கினார். வேண்டாதவர் வாங்கவில்லை. பெட்டியின் பின்பக்கம் படித்தாலே என்ன கிடைக்கும் என்று தெரிந்துவிடும். இந்தக் கோடு இப்போது கிட்டத்தட்ட அழிந்துபோயிற்று. துண்டறிக்கை போன்றவற்றை வடிவமைக்கும் பப்ளிஷர் ஆபீஸ் 2024-ல் இல்லை. விண்டோஸோடு புது அவுட்லுக் இலவசமாகவே வருகிறது. அப்படியும் வெளியானபோது அமெரிக்காவில் ஆபீஸ் ஹோம் 2024-இன் விலை 149.99 டாலர், ஹோம் அண்ட் பிசினஸ் 249.99. நடுவில் உள்ள 100 டாலருக்குக் கிடைப்பவை முழு அவுட்லுக்கும், வணிகத்துக்குப் பயன்படுத்தும் அனுமதியும். அவுட்லுக் தேவைப்படாத கடைக்காரர் அந்த 100 டாலரையும் அனுமதிக்காகவே கொடுக்கிறார்.

இரண்டாவது கோடு அந்த அனுமதிதான். ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் உரிமத்தை விரித்துப் படித்தால் வணிக நிறுவனத்துக்கு மட்டுமல்ல, லாப நோக்கற்ற அமைப்புக்கும், வருமானம் வரும் எந்தத் தொழிலுக்கும் பயன்படுத்தக் கூடாது என்று இருக்கும். வீட்டில் டியூஷன் எடுக்கிறவர் வினாத்தாள் அடித்தாலும், தையல்கடைக்காரர் பில் போட்டாலும், கோயில் திருப்பணிக் குழு வரவு செலவு எழுதினாலும் வரம்பு மீறல்தான். இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: எல்லாருக்கும் ஒரே விலை என்று வைத்தால் அது 149 டாலராக இருக்காது, 399-க்குப் பக்கத்தில்தான் நிற்கும், பணம் உள்ள நிறுவனங்கள் அதிகம் கொடுப்பதால்தான் மாணவருக்குக் குறைவாகக் கிடைக்கிறது. உண்மைதான். 2007-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 679 டாலர் அல்டிமேட் பதிப்பை மைக்ரோசாஃப்ட் 59.95 டாலருக்கே கொடுத்தது. விலை உற்பத்திச் செலவோடு சம்பந்தப்பட்டதல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனாலும் அந்த மாணவருக்கு அதனால் நன்மையே. மலிவுப் பதிப்பு இருப்பது என் குறை அல்ல. அதன் நிபந்தனையை டியூஷன் ஆசிரியர் காசு கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ள முடிகிறதா என்பதுதான் கேள்வி. யாரும் வந்து சோதிக்கப் போவதில்லையே என்பார்கள். தனி ஆளுக்கு அது சரி. ஆனால் எல்லாரும் மீறுவார்கள் என்று தெரிந்தே எழுதும் விதி, மீறுகிறவரை எப்போதும் பாதிக் குற்றவாளியாகவே நிறுத்திவைக்கிறது. தொழில் வளர்ந்து, உரிமச் சான்று கேட்கும் பெரிய வாடிக்கையாளர் வரும் நாளில் அது கையைக் கடிக்கும்.

கோடு ஒரே பெயருள்ள மென்பொருளுக்கு உள்ளேயே புகுந்துகொண்ட சம்பவமும் உண்டு. லட்சக்கணக்கான வரிகளை அலசுவதற்கான பவர்பிவட், எக்செல் 2010-ல் காசு கொடுத்து வாங்கிய எந்தப் பதிப்பு வைத்திருந்தாலும் இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும் இணைப்பாக இருந்தது. எக்செல் 2013 வந்தபோது அது நிறுவனங்களுக்கான புரொஃபஷனல் பிளஸ் போன்ற பதிப்புகளுக்குள் போய்விட்டது. கடையில் பெட்டி வாங்கியவர் புதுப் பதிப்புக்கு மாறியதாலேயே கையில் இருந்த வசதியை இழந்தார். எதிர்ப்பு வலுத்ததும், தனியாக விற்கும் எக்செல் 2013-ல் அது சேர்க்கப்பட்டது. விண்டோஸுக்கான எல்லாப் பதிப்புகளுக்கும் வந்துசேர 2018 ஆயிற்று.

மூன்றாவது கோடுதான் இன்று முக்கியம். அது போடப்பட்ட ஆண்டு 2013. ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2010 பெட்டி 149 டாலருக்கு மூன்று கணினிகளுக்கு அனுமதி தந்தது. 2013 பதிப்பு 139.99 டாலருக்கு ஒரே கணினிக்கு. பத்து டாலர் குறைந்தது, இரண்டு கணினிகள் போயின. அந்த ஒரு கணினி பழுதானால் உரிமமும் அதோடு போகும் என்றுதான் முதலில் சொன்னார்கள். கூச்சல் கிளம்பவே, 2013 மார்ச்சில் 90 நாளுக்கு ஒருமுறை வேறு கணினிக்கு மாற்றலாம் என்று தளர்த்தினார்கள். 2013 பதிப்பு வந்தபோதே அதன் பக்கத்தில் ஆபீஸ் 365 ஹோம் பிரீமியம் என்ற சந்தா அறிமுகமானது: ஆண்டுக்கு 99.99 டாலர், ஐந்து கணினிகள். வாங்குவதைக் கசப்பாக்கி வாடகையை இனிப்பாக்கும் ஏற்பாடு என்றுதான் இதை வாசிக்கத் தோன்றுகிறது.

ஒருமுறை பணம் கட்டி வாங்கும் பதிப்புகளின் ஆயுளும் அதன் பின் சுருங்கிக்கொண்டே வந்தது. ஆபீஸ் 2016-க்கு ஏறக்குறைய பத்து ஆண்டு ஆதரவு இருந்தது. 2018-ல் வந்த ஆபீஸ் 2019-க்கு ஏழு ஆண்டு. இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14 அன்று ஒன்றாகவே கதவு சாத்தப்பட்டது. ஆபீஸ் 2021-க்கு ஐந்தே ஆண்டு, 2026 அக்டோபர் 13 வரை. ஆபீஸ் 2024-க்கு 2029 அக்டோபர் வரை. இந்த ஆண்டுகள் நாம் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, வெளியான நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. ஆதரவு முடிந்தாலும் மென்பொருள் ஓடத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஓடும். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. 2000-ல் உருவாக்கி ஆபீஸுக்குள் அப்படியே விடப்பட்டிருந்த சமன்பாடு எழுதும் சிறு செயலி ஒன்றில், 2017-ல் பெரிய ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வந்த கோப்பைத் திறந்தாலே போதும், கணினி அடுத்தவர் கைக்குப் போய்விடலாம். திருத்தம் வெளியிட்டும் தீராமல், 2018 ஜனவரியில் அந்தச் செயலியையே நீக்கினார்கள். திருத்தங்கள் நின்றுபோன கணினியில் இப்படிப்பட்டது அப்படியே கிடக்கும்.

பாதுகாப்பு மட்டுமல்ல, எக்செலின் மொழியே ஆண்டுக் கணக்கில் பிரிந்துபோய்விட்டது. சந்தா வைத்திருக்கும் ஒருவர், பட்டியலில் தேடி எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப் சூத்திரம் போட்ட விலைப்பட்டியலை அனுப்புகிறார். ஆபீஸ் 2019 வைத்திருப்பவர் அதைத் திறக்கிறார். எண்கள் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஒரு கட்டத்தைத் தொட்டுத் திருத்தி என்டர் தட்டியதும், எண் இருந்த இடத்தில் ‘நேம்’ என்ற பிழை வந்து உட்கார்ந்துகொள்ளும். எக்ஸ்லுக்கப் 2021-ல் இருக்கிறது, 2019-ல் இல்லை. சொந்தமாகச் சூத்திரம் எழுத உதவும் லாம்டா 2024-ல் இருக்கிறது, 2021-ல் இல்லை. பதிப்புகளை ஒப்பிடும் கட்டத்தில் எல்லாவற்றுக்கும் எதிரே ‘எக்செல்’ என்று ஒரே டிக்தான் இருக்கும்.

சந்தாவுக்குச் சாதகமான வாதமும் வலுவானது. புது வசதிகள் உடனுக்குடன் வருகின்றன, இணையத்தில் 1 டிபி சேமிப்பிடம் கிடைக்கிறது, இவற்றுக்கெல்லாம் நிறுவனத்துக்குத் தொடர்ந்து செலவு இருக்கிறது. கணக்கும் ஓரளவு ஒத்துக்கொள்கிறது. தனிநபர் சந்தா ஆண்டுக்கு 99.99 டாலர் என்றால் ஐந்து ஆண்டுக்கு 500 டாலர். 150 டாலர் ஹோம் 2024-க்கு எதிரே அது எடுபடாது. ஆனால் 129.99 டாலர் குடும்பச் சந்தாவை ஆறு பேர் பகிர்ந்தால், ஐந்து ஆண்டுக்கு ஆளுக்கு 108 டாலர்தான் ஆகிறது. நிரந்தரப் பதிப்பைவிட மலிவு, சேமிப்பிடம் உபரி. ஆறு பேருக்கும் உண்மையிலேயே ஆபீஸ் வேண்டும் என்ற வீட்டுக்குச் சந்தாவே சரி. தனி ஆளுக்கு அது தண்டம்.

ஆனால் வாடகை வீட்டில் வாடகையை ஏற்றுவது வீட்டுக்காரர். 2024-ன் இறுதியிலும் 2025-ன் தொடக்கத்திலுமாக, கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்து மைக்ரோசாஃப்ட் சந்தாவை ஏற்றியது. ஆஸ்திரேலியாவில் தனிநபர் சந்தா 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 ஆனது. கோபைலட் இல்லாத ‘கிளாசிக்’ திட்டம் பழைய விலைக்கே இருந்தது. ஆனால் அது சந்தாவை ரத்து செய்யப் போனால்தான் திரையில் தெரிந்தது என்று அந்நாட்டுப் போட்டி, நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடர்ந்தது. பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 27 லட்சம் பேர் என்பது ஆணையத்தின் கணக்கு. பிறகு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, பழைய திட்டத்துக்குத் திரும்புகிறவர்களுக்குக் கூடுதல் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொன்னது. பதிப்புகளைப் பிரிக்கும் கோடு எவ்வளவு ஆழத்தில் புதைக்கப்படலாம் என்பதற்கு நீதிமன்றம் வரை போன எடுத்துக்காட்டு இது.

நம் ஊர்க் கடைகளில் இந்தச் சிக்கல் வேறு வேடத்தில் வருகிறது. இங்கே பெட்டி வாங்குகிறவர் அபூர்வம். லேப்டாப்போடு ஆபீஸின் வீட்டுப் பதிப்பு ‘லைஃப்டைம் ஃப்ரீ’ என்றுதான் விற்கிறார்கள். அந்த உரிமம் அந்த லேப்டாப்போடு கட்டுண்டது; வேறு கணினிக்கு மாற்ற முடியாது. விண்டோஸை முதன்முதலில் இயக்கிய நாளிலிருந்து 180 நாளுக்குள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேர்த்து ஆக்டிவேட் செய்யாவிட்டால் சலுகை காலாவதியாகிவிடும். வாங்கி வந்து பிள்ளையின் தேர்வு முடியட்டும் என்று மூடி வைத்தவர்கள் இழப்பது இப்படித்தான். வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. இணையச் சந்தைகளில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘புரொஃபஷனல் பிளஸ்’ சாவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நிறுவனங்களுக்கு மொத்தமாக உரிமம் கொடுக்கும் பதிப்பு; கடையில் தனி ஆளுக்கு விற்கும் சரக்கே அல்ல. எவருடைய சாவியோ கைமாறி வருகிறது. என்றாவது முடக்கப்பட்டால் கேட்க ஆள் இருக்காது.

இவ்வளவு தலைவலி எதற்கு, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸைப் போட்டால் போகிறது என்பது கடைசி மறுப்பு. 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த அதற்கு வீட்டுப் பதிப்பு, கடைப் பதிப்பு என்ற பேதம் இல்லை; எத்தனை கணினியிலும், எந்தத் தொழிலுக்கும் போடலாம். கடிதம், விண்ணப்பம், பில், சாதாரணக் கணக்கு என்று இருப்பவருக்கு அதுவோ, பிரவுசரில் இலவசமாகத் திறக்கும் மைக்ரோசாஃப்டின் வேர்டும் எக்செலுமோ தாராளமாகப் போதும். மேலே சொன்ன டியூஷன் ஆசிரியருக்கும் தையல்கடைக்காரருக்கும் லிப்ரே ஆபீஸையே சொல்வேன். ஆடிட்டர் அலுவலகத்துக்குச் சொல்லமாட்டேன். வாடிக்கையாளர் அனுப்பும் எக்செல் கோப்பில் மேக்ரோ இருக்கும், பவர்பிவட் இருக்கும், அவை அங்கே சரியாக ஓடாது. அந்த அலுவலகம் ஹோம் அண்ட் பிசினஸ் 2024 வாங்கலாம். வாங்குவதானால் 2028 வரை தள்ளிப்போடாமல் இப்போதே.