பழைய காரில் ஆயில் பிரஷர் இறங்கினால்

எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தலைமுடியை விட மெல்லிய ஆயில் படலம்தான் இரண்டையும் பிரித்து வைக்கிறது. அது அறுந்தால் சில நிமிடங்களிலேயே பேரிங் உருகி எஞ்சின் இறுகிவிடும்.

பழைய வண்டிகளில் இந்த ஆபத்து அதிகம். டெல்லி மோதி பாக்கை அடுத்த சாணக்கியபுரியில் உள்ள தேசிய ரயில் அருங்காட்சியகத்தில், 1914-ஆம் ஆண்டின் ஜான் மோரிஸ் பெல்சைஸ் தீயணைப்பு வண்டி இருக்கிறது. ஒரு காலத்தில் நிஜாம் அரசு ரயில்வேயிடம் இருந்த இந்த வண்டி, ஸ்டேட்ஸ்மன் நாளிதழ் 1964 முதல் நடத்திவரும் பழங்கார் பேரணியிலும் ஓடியிருக்கிறது. இத்தகைய வண்டிகள் வருஷத்தில் பெரும்பகுதி நின்றே கிடக்கின்றன. நிற்கும்போது ஆயில் முழுவதும் அடியில் உள்ள சம்ப்பில் வடிந்துவிடும்; ஈரம் சேர்ந்து கசடு படியும்.

அக்காலத்து எஞ்சின்கள் பலவற்றில் பிரஷர் காட்டும் முள்ளே கிடையாது. ஃபோர்டு மாடல் டி-யில் ஆயில் பம்ப்கூட இல்லை. சுழலும் பாகங்களே ஆயிலை வாரி இறைக்கும். அடியில் இரண்டு சிறு குழாய்கள் உண்டு. கீழ்க்குழாயைத் திறந்தால் ஆயில் வர வேண்டும், மேல்குழாயில் வரக்கூடாது. அளவு சரியா என்று அறிய இதுவே வழி.

அம்பாசடர் போல பம்ப் உள்ள கார்களில் முதலில் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் ஆயில் நீர்த்துவிட்டது. விரலில் தேய்க்கும்போது மின்னும் துகள்கள் பேரிங் தேய்வதைச் சொல்கின்றன.

அடுத்து, காரின் பழைய மீட்டரை நம்பாமல் நல்ல மீட்டர் ஒன்றை மாட்டி அளக்க வேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் பொதுக்கணக்கு. குளிர்ந்த எஞ்சினிலும் முள் ஏறவில்லை என்றால் பம்ப்பையோ மிகைப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியதையோ சந்தேகிக்கலாம். வேகம் கூடக்கூடப் பிரஷர் இறங்கினால் சம்ப்பின் வலைச் சல்லடையில் கசடு அடைத்திருக்கும். காலையில் நன்றாக இருந்து, சூடானதும் சரிந்தால் பேரிங் தேய்ந்து இடைவெளி கூடியிருக்க வாய்ப்பு அதிகம். 45 டிகிரி தொடும் டெல்லி வெயிலில் இது சீக்கிரமே வெளிப்படும். கெட்டி ஆயில் ஊற்றி முள்ளை ஏற்றிக்காட்டுவது சிகிச்சை ஆகாது. நோயை மறைக்கத்தான் உதவும்.

காதும் உதவும். ஆழமான 'டொக் டொக்' சத்தம் கேட்கும்போது ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்காக மின்சாரத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். எந்த சிலிண்டரை நிறுத்தும்போது சத்தம் தணிகிறதோ, அதன் கனெக்டிங் ராடு பேரிங்தான் கெட்டிருக்கிறது. அப்போது கிராங்க் ஷாஃப்ட்டைச் சாணைபிடித்து அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். மிகப் பழைய எஞ்சின்களில் வைட் மெட்டல் என்ற பேரிங் உலோகத்தை உருக்கி ஊற்றி, அளவுக்குக் கடைந்தெடுக்க வேண்டியிருக்கும்.