மீஞ்சூர் கிணத்துல கடல் எப்படி வந்துச்சு?

திருவள்ளூரில் திருத்தணி பஸ் ஏறினால், கண்டக்டர் டிக்கெட் கிழித்து முடிப்பதற்குள் திருப்பாச்சூர் வந்துவிடும். தேவாரம் பாடின பழைய சிவன் கோயில் இருக்கிற ஊர். வடக்கே கொசஸ்தலை ஆறு, தெற்கே கூவம், நடுவில் இந்த ஊர். (ஆமா பாஸ், அதே கூவம்தான். இந்தப் பக்கம் அது மூக்கைப் பொத்திக்க வைக்கிற ஆறு இல்லை!)

ஐப்பசி மாசம் இங்கே ஒரு மழை அடிக்கிறது என்று வையுங்கள். உங்கள் தலையில் விழுகிற துளி எங்கிருந்து வருது? ஸ்கூல் புத்தகத்துல ஒரு படம் போட்டிருப்பாங்களே... கடல், மேகம், மலை, ஆறு, சுத்திலும் நாலு அம்புக்குறி. அஞ்சு மார்க் வாங்கின கையோடு மறந்திருப்பீங்க. அந்தப் படத்தில் ஒரு பெரிய விஷயம் மிஸ்ஸிங். அதுக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல துளியோட பயோடேட்டா. வங்கக் கடலில் வெயில் பட்டு ஆவியானபோது உப்பைக் கடலிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிய தண்ணீர் இது. மேலே போய்க் குளிர்ந்து, காற்றில் மிதக்கிற தூசியிலோ உப்புத் துகளிலோ ஒட்டிக்கொண்டு குட்டித் துளியாகிறது. அந்த மாதிரி சுமார் பத்து லட்சம் துளி சேர்ந்தால்தான் ஒரே ஒரு மழைத்துளி! வடகிழக்குப் பருவக்காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து நம்ம ஊர்ல கொட்டுது. ஆவியான தண்ணீர் வானத்தில் தங்குவது சராசரியாக ஒன்பது, பத்து நாள்தான். செமஸ்டர் லீவைவிடக் கம்மி.

கீழே விழுந்த தண்ணீரில் கொஞ்சம் திரும்ப ஆவியாகிறது. கொஞ்சம் செடி, மரம் குடித்து இலை வழியாக வெளியே விடுகிறது. ஆற்றில் ஓடுகிற பங்கை மடக்கிப் பிடிக்கத்தான் பூண்டி ஏரி. திருப்பாச்சூரிலிருந்து சில கிலோமீட்டர்தான். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தி காலத்தில் வேலை ஆரம்பித்து, 1944-ல் முடிந்தது. கொள்ளளவு 323 கோடி கன அடி. பேரே சத்தியமூர்த்தி சாகர். அணை திறந்ததைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. 1996-லிருந்து கிருஷ்ணா தண்ணீரும் கண்டலேறு கால்வாய் வழியாக இங்கே வருகிறது. அதாவது, அரபிக்கடலில் ஆவியாகி, மகாராஷ்டிராவில் மகாபலேஷ்வர் மலையில் மழையாகப் பெய்த தண்ணீர் பூண்டிக்கு வந்து சென்னைக்காரன் குழாயில் விழுகிறது. படத்தில் போட்டிருந்த நாலு அம்புக்குறி பத்தாது!

சரி, அந்த மிஸ்ஸிங் மேட்டர். மண்ணுக்குள் இறங்குகிற தண்ணீர்.

கொசஸ்தலை, ஆரணியாறு இரண்டும் ஓடுகிற இந்தப் பகுதி முழுக்க, அடியில் மணலும் களிமண்ணும் அடுக்கடுக்காக இருக்கிறது. ஒரு காலத்தில் பாலாறே இந்தப் பக்கமாகத்தான் ஓடியது என்கிறார்கள் புவியியல்காரர்கள். மணல் என்றால் ஸ்பாஞ்ச் மாதிரி. தண்ணீர் உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாமல் கடலை நோக்கி மெதுவாக நகரும். ரொம்ப மெதுவாக. ஆற்றுத் தண்ணீர் சில நாளில் கடலுக்குப் போய்விடும். நிலத்தடித் தண்ணீருக்கு வருஷக் கணக்கு, ஆழத்தில் இருந்தால் நூற்றாண்டுக் கணக்கு.

இந்த மணல் தண்ணீரை 1960-களின் கடைசியில் ஐ.நா. உதவியோடு ஆய்வு செய்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் என்று கிணற்று வயல்கள் வந்தன. அங்கே எடுத்த தண்ணீர் சென்னைக்கும் மணலி தொழிற்சாலைகளுக்கும் போனது. விவசாயிகளின் பம்ப்செட்டும் ஓடியது. உள்ளே இறங்குவதைவிட வெளியே எடுப்பது அதிகமானது. 2000-த்துக்குப் பிறகான வறட்சியில் விவசாயிகளே பயிரை விட்டுவிட்டு சென்னைக் குடிநீர் வாரியத்துக்குத் தண்ணீர் விற்றார்கள். பயிரைவிடத் தண்ணீருக்கு நிச்சயமான காசு கிடைத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இங்கேதான் ஃபிசிக்ஸ் வேலையைக் காட்டியது. நல்ல தண்ணீரைவிடக் கடல் தண்ணீர் சுமார் இரண்டரை சதவீதம் கனம். அதனால் கடலோரத்தில் பூமிக்கடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் மேல் மிதக்கும். கைபன் - ஹெர்ஸ்பர்க் விதி என்று சிவில் பசங்களைக் கேட்டால் சொல்வார்கள். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் இருந்தால், கீழே சுமார் 40 அடிக்கு அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். அப்படியே திருப்பிப் போடுங்கள். நீர்மட்டம் ஒரு அடி இறங்கினால், உப்பு 40 அடி ஏறிவரும்! மீஞ்சூர் பக்கம் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கும் கீழேயே போய்விட்டது. அப்புறம் கடலை யார் தடுப்பது? 1960-களின் கடைசியில் சில கிலோமீட்டர் உள்ளே வந்திருந்த உப்பு, பிறகு பத்து கிலோமீட்டரையும் தாண்டியது. ஆற்றில் தடுப்பணை கட்டி மழையை உள்ளே இறக்கி அதைப் பின்னால் தள்ளப் பார்க்கிறார்கள். மணலில் ஏறின உப்பு ஒரு மழைக்கெல்லாம் கரைந்து போகாது.

மீஞ்சூருக்குப் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-ல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். உப்பைப் பிரிக்கிற வேலையைச் சூரியன் ஓசியில் செய்துகொண்டிருந்தது. நாம கரன்ட் பில் கட்டிச் செய்யுறோம்! இந்த ஆலை இருந்தும், 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

இப்ப ஒரு கணக்கு. கால்குலேட்டர் வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். திருவள்ளூர் பக்கம் சராசரியாக வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். ஆக, 93 ஆயிரம் லிட்டர். ரூமில் நீங்கள் வாங்கிப் போடுகிற 20 லிட்டர் கேன் கணக்கில் 4,650 கேன். உங்கள் ஹாஸ்டல் மாடி இதைப்போல எத்தனை மடங்கு?

மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம். ஹாஸ்டல் மாடியிலிருந்து இறங்குகிற குழாயின் கீழ்முனை எங்கே போகிறது என்று இன்னிக்கு சாயங்காலம் தேடிப் பாருங்க. உறிஞ்சு குழிக்குப் போனால் சந்தோஷம். சில இடத்தில் நேராக ரோட்டுக்குப் போகும். சில இடத்தில் குழியே இருக்கும், அதை மூடி டைல்ஸ் ஒட்டியிருப்பாங்க. மேலே யாரோட பல்சரோ நிக்கும்.