“நீங்கள் பாத்துச் செய்யுங்கோ”: விசேட கல்வியும் சில டேனிஷ் சொற்களும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு தாய் கடிதக்கட்டு ஒன்றுடன் பிராண்டேயிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். வேறொரு நகரில் வசிப்பவர். மகன் மூன்றாம் வகுப்பு. வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டான், சொல்வது பிடிபடுவதில்லை. இரண்டு வருடத்தில் பாடசாலையில் ஐந்து கூட்டங்கள். “எல்லாத்துக்கும் போனனான் அண்ணை. நல்லாத்தான் கதைச்சவை. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.”

கட்டை முழுவதும் வாசித்தேன். கூட்டக் குறிப்புகள் இருந்தன. ‘முடிவு’ என்று ஒரு தாள்கூட இல்லை. முடிவு இல்லாத இடத்தில் முறையீடும் இல்லை.

ஊரில் “நீங்கள் பாத்துச் செய்யுங்கோ” என்பது மரியாதை. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் அந்த மரியாதையை நானும் குறைவின்றி அனுபவித்தவன். இங்கோ அது சம்மதமாகப் பதியப்படுகிறது. ஆகவே சில சொற்களை நாம் சரியாக விளங்கிக்கொள்வது அவசியம்.

முதலாவது, ‘சம்ரோட்’. நிரந்தரமான விசேட கல்விக்கு ஒரு பிள்ளையை அனுப்புவதாயின், உளவியல் - கல்வியியல் ஆலோசனையின் பின்பு, பிள்ளையுடனும் பெற்றோருடனும் ‘சம்ரோட்’ நடத்தியே அனுப்பவேண்டும் என்கிறது டேனிஷ் பாடசாலைச் சட்டம். இதன் பொருள் கலந்தாலோசனை, சம்மதம் அல்ல. உங்கள் கருத்தைக் கேட்கவேண்டும், ஆனால் அதன்படி நடக்கவேண்டும் என்றில்லை. ஆகவே சொன்ன கருத்து குறிப்பில் ஏறியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, பி.பி.ஆர். நகரசபையின் கீழுள்ள உளவியல் - கல்வியியல் ஆலோசனைப் பிரிவு இது. பிள்ளையைப் பரிசீலிக்குமாறு பெற்றோரே பாடசாலை அதிபரிடம் கேட்கலாம். வாயால் கேட்டால் காற்றோடு போய்விடும், எழுத்தில் கேளுங்கள். பி.பி.ஆர். தருவது ஆலோசனை மட்டுமே. முடிவெடுப்பது அதிபர் அல்லது நகரசபை.

மூன்றாவதுதான் முக்கியமானது: ‘அவ்கெரெல்ஸ’, அதாவது முடிவு. 1985ஆம் ஆண்டின் நிர்வாகச் சட்டப்படி, கேட்டதை முழுமையாகத் தராத முடிவு எழுத்தில் வந்தால் அதற்கான காரணமும் எழுதப்படவேண்டும். மேன்முறையீடு செய்யலாம் எனில் எங்கே, எத்தனை நாளுக்குள் என்பதும் சொல்லப்படவேண்டும். விசேட கல்விக்கென ஒரு முறையீட்டுச் சபை உண்டு. தவணை நான்கு கிழமை. உங்கள் கோப்பைப் பார்க்கும் உரிமையையும் அதே சட்டமே தருகிறது.

நான்காவது, ‘பீசிடர்’: கூட்டத்தில் உங்கள் பக்கம் அமர உங்களுக்கு விருப்பமான ஒருவரை அழைத்துச் செல்லும் உரிமை. எங்கள் தொழிற்சாலையில் எச்சரிக்கை வாங்க எவனும் தனியே மேலாளர் அறைக்குள் போவதில்லை. தொழிற்சங்கப் பிரதிநிதியும் கூடப் போவார். பாடசாலைக்கு மட்டும் ஏன் நாம் தனியே போகிறோம்? அதைவிட மோசம், மூத்த பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக இருத்துவது. தம்பியின் குறையை அக்கா தாய்க்கு மொழிபெயர்க்கும்போது பாதி விழுங்கப்படும்.

இன்னுமொரு குழப்பமும் உண்டு. அந்தப் பையனின் குறிப்புகளில் “டேனிஷ் போதாது, பொறுத்துப் பார்ப்போம்” என்றே திரும்பத் திரும்ப இருந்தது. டேனிஷை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது வேறு, விசேட கல்வி வேறு. மொழி போதாத பிள்ளையை இயலாத பிள்ளையாக்குவதும் தவறு. இயலாமையை மொழிக்குள் மறைப்பதும் தவறு. வீட்டில் தமிழிலும் அவனுக்கு அதே தடுமாற்றம் உண்டா? இதைத் தாய்தான் சொல்லமுடியும். அவரிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சட்டம் ஒரேயிடத்தில் நிற்பதில்லை. ஊனமுற்ற பிள்ளைகளை இயன்றவரை சாதாரண பள்ளிச் சூழலில் கற்பிக்கவேண்டும் என்று டேனிஷ் பாராளுமன்றம் தீர்மானித்தது 1969இல். 2007இல் மாவட்டங்கள் ஒழிக்கப்பட்டு, பிராண்டே இகாஸ்டுடன் ஒரே நகரசபையானபோது, பொறுப்பு முழுவதும் நகரசபைகளின் கைக்கு வந்தது, செலவும் அவற்றினதே. 2012ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 9 மணித்தியாலமாவது உதவி பெறுவதையே ‘விசேட கல்வி’ என்று வரையறுத்தது. அதற்குக் குறைந்த உதவி பெற்ற பிள்ளையின் பெற்றோருக்கு அந்தச் சபையின் கதவு மூடப்பட்டது. 2015க்குள் 96 சதவீதமான பிள்ளைகள் சாதாரண வகுப்பில் என்ற இலக்கு 2016இல் கைவிடப்பட்டது. ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கவேண்டிய கேள்வி: இது எந்தப் பிரிவின் கீழ், எத்தனை மணித்தியாலம், இதற்கு முறையீடு உண்டா?

இந்த நாட்டில் தமிழர்களுக்கு இது புதிய பாடமல்ல. 1987இலும் 1988இலும் நம் அகதிகள் குடும்பத்தை அழைப்பதற்குச் சட்டம் தந்த உரிமையை நீதி அமைச்சர் எரிக் நின் ஹன்சன் கிடப்பில் போடவைத்தார். அந்த விவகாரத்தால் 1993இல் ஷ்லூட்டர் அரசு பதவி விலகியது. 1995இல் அமைச்சர் தண்டிக்கப்பட்டார். கோப்புகளும் கேள்விகளுமே அங்கு பேசின. அதைப் பெருமையாகச் சொல்லும் நாம், சுயநிர்ணயம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நாம், குறையுள்ள பிள்ளையை விருந்தாளி வந்தால் உள்ளறைக்குள் இருத்துகிறோம். கேட்காமல் விடுவதற்கு மரியாதை ஒரு காரணம், வெட்கம் மற்றது. இரண்டாவதை எந்தச் சட்டமும் தீர்க்காது.

ஆறாவது கூட்டத்துக்கு அந்தத் தாயுடன் நானும் போனேன். எழுத்தில் முடிவு கேட்டோம். மூன்று கிழமையில் வந்தது. சாதகமாக இல்லை. ஆனால் காரணம் எழுதப்பட்டிருந்தது, தவணையும் எழுதப்பட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சமையலறை மேசையில் இருந்து அதற்குப் பதில் எழுதினோம். தாய் சொல்லச் சொல்ல நான் டேனிஷில் எழுதினேன். கையெழுத்து அவருடையது.